ஆயிரம் கோல் அடிக்காதவனுக்கு ஒரு வாழ்த்துமடல்

காலையில் கடை திறந்ததும் நான் செய்கிற முதல் வேலை, செத்த மீனுக்குப் படுக்கை விரிப்பது. பாரிஸ் லாச்சப்பலில் குலம் அண்ணையின் மீன்கடை வாசலில் சரிவாக ஒரு எஃகு மேசை இருக்கிறது. அதிலே நான்கு விரல் கனத்துக்கு ஐஸ் தூளைக் கொட்டிச் சமன்செய்து, மேலே விளைமீனையும் பாரையையும் ஒரே பக்கம் பார்க்கக் கிடத்துவேன். ஊரிலே "ஐஸ் மீனோ?" என்று ஒருவர் கேட்டால் அது கேள்வி அல்ல, வசவு. ஐஸில் கிடந்த மீன் என்றால் நேற்றைய மீன், முந்தாநாளைய மீன், பூனையும் யோசித்துத் தின்கிற மீன். இங்கேயோ ஐஸ் இல்லாமல் ஒரு மீனை வெளியே வைத்தால் சுகாதாரப் பகுதியினர் வந்து கடையையே பூட்டிவிடுவார்கள். ஒரே ஐஸ்தான்; அங்கே அவமானம், இங்கே மரியாதை. இது எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது. விளங்கிய பிறகும், ஐஸை வைத்து ஒரு மனிதன் மேல் நான் பொறாமைப்படப் போகிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால், தலையில்லாத மீன் கேட்கும் வெள்ளைக்காரியைப் பார்ப்பது போல அவரைப் பார்த்திருப்பேன்.

இருபத்துநாலு வருடமாக நான் ஐஸோடு நிற்கிறேன். ஒருநாளாவது யாரும் கைதட்டியதில்லை. என் தாய்மாமன் மகன் தயாபரனும் ஏறக்குறைய அவ்வளவு காலம் ஐஸில் நின்றவன்தான். அவனுக்கு மண்டபம் நிறைந்த சனம் எழும்பி நின்று கத்தியது. முதுகிலே பெயரெழுதிச் சட்டை கொடுத்தார்கள். என் முதுகிலும் ஒரு பெயர் இருக்கிறது. ஐஸ் பெட்டி செய்கிற கொம்பனியின் பெயர். தயா சுவிஸ் நாட்டின் பிரெஞ்சு பேசும் பக்கத்தில் வளர்ந்து, ஐஸ் ஹொக்கியைத் தொழிலாகவே விளையாடிய தமிழன். அடியில் கத்தி பொருத்திய சப்பாத்தோடு ஐஸ் தளத்தில் சறுக்கிக்கொண்டு, கறுப்பு ரப்பர் வட்டு ஒன்றை மட்டையால் அடித்து வலைக்குள் போடுகிற விளையாட்டு அது. அதில் அவன் தடுப்பாட்டக்காரன். பிரெஞ்சில் தெஃபோன்சர் என்பார்கள். வட்டோடு வருகிறவனை வலைக்குக் கிட்ட விடாமல் மறிப்பது வேலை. முப்பத்தெட்டு வயதுவரை எல்லாரையும் மறித்தான். பிறகு முழங்கால் அவனை மறித்தது. இப்போது பயிற்சியாளன்.

நான் அவனுக்கு இரண்டு மாதம் மூத்தவன். முறைப்படி அவன் என்னை அத்தான் என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டதே கிடையாது. ஏழு வயதுவரை ஊரில் ஒரே சின்ன ஒழுங்கையில், அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்தோம். ரெனிஸ் பந்தில் கிரிக்கெட் அடிப்போம். தயாவைச் சேர்க்க எந்தப் பக்கமும் விரும்பாது. பந்து வந்தால் பிடிக்க மாட்டான், விலகி வழிவிடுவான். அதுவும் ஏதோ வாத்தியாருக்கு வழிவிடுவது போல மரியாதையாக. அவன் விட்ட பந்துக்கெல்லாம் வேலி பாய்ந்தவன் நான். மாமா முதலே சுவிஸுக்குப் போயிருந்தார். ஒருநாள் மாமிக்கும் தயாவுக்கும் அழைப்பு வந்தது, போய்விட்டார்கள். எனக்கும் தகப்பன் இருந்தார், ஆனால் அவர் சுவிஸில் இல்லை, ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் இருந்தார். விதி என்பது சில வீடுகளில் தகப்பன் வேலை செய்யும் இடம்.

எனக்கு விதி இருபது வயதில், காசு வாங்கிக் களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் உருவில் வந்தது. மொஸ்கோவில் இறக்கி, ஏதோ ஒரு காட்டு வழியாக எங்களை நடத்தினான். ஓரிடத்தில் உறைந்த குளம் ஒன்று குறுக்கே கிடந்தது. "ஓடாதையுங்கோ, கூட்டமா நில்லாதையுங்கோ, ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர் வாங்கோ" என்றான். நான் ஊரில் வாங்கிய கன்வஸ் சப்பாத்தோடு நான்கு தரம் விழுந்தேன். ஐந்தாம் தரம் விழுந்தபோது எழும்புகிற எண்ணத்தை விட்டுவிட்டு, இருந்தபடியே அரைந்து கரை சேர்ந்தேன். பல வருடம் கழித்து மாமி ஒரு படம் அனுப்பினா. பின்புறத்தில் மாதமும் வருடமும் எழுதியிருந்தது. அதே குளிர்காலத்தில், அதே மாதத்தில், தயா முதன்முதலாகப் பெரியவர்களின் அணியில் சம்பளத்துக்குச் சேர்ந்திருக்கிறான். படத்தில் அவன் கையில் மட்டை. அந்த மாதம் என் கையில் இருந்தது ஒரு சொப்பிங் பை, அதற்குள் ஈரக் காலுறை. அன்றைக்குத் தொடங்கியது என் வயிற்றெரிச்சல். இரண்டு பேரும்தான் சறுக்கினோம். அவன் சறுக்கியதற்குச் சம்பளம் வாங்கினான். நான் சறுக்குவதற்குச் சம்பளம் கொடுத்தேன்.

அவன் தூரத்தில் இருக்கும்வரை என் பொறாமைக்குச் சனி, ஞாயிறு விடுமுறை இருந்தது. சொந்தக்காரரின் வாட்ஸப் குழுவில் எப்போதாவது அவன் படம் வரும். முன்பல் இரண்டு இல்லாமல் சிரிப்பான். "எங்கட சிங்கம்" என்று கீழே எழுதுவார்கள். எனக்குக் கடைவாய்ப் பல் போனபோது நானும் ஒரு படம் போட்டேன். "உப்புத் தண்ணியில கொப்பளி" என்று ஒருவர் எழுதினார். அவ்வளவுதான்.

பிறகு, போன வருடம் புரட்டாதியில், பாரிஸ் புறநகர்க் கழகமொன்று அவனைப் பயிற்சியாளனாக எடுத்துக்கொண்டது. பொபினியில் இருக்கிற என் வீட்டிலிருந்து அரைமணிப் பயணம். வந்த முதல் சனிக்கிழமையே, கடையில் சனம் நிறைந்து நின்ற நேரம், கதவளவு தோளோடு வந்து நின்றான்.

"மச்சான்! டேய்! நீ மீன் மணக்கிறாய்!"

அவனுடைய தமிழ் ஏழு வயதில் நின்றுபோன தமிழ். நாற்பத்தைந்து வயது மனிதன், வாயைத் திறந்தால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை. "எனக்குத் தண்ணி விடாய்க்குது" என்றான். சனம் உருகிப்போனது. நான் ஒரு கதை தொடங்கினால் "காணும், மீனை வெட்டும்" என்கிற குலம் அண்ணை, அவன் பேசப்பேசக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். போகும்போது விலை கூடிய அறக்குளா மீனின் நடுமுறியைத் துப்புரவாக்கிச் சும்மா கொடுத்துவிட்டார். இருபத்துநாலு வருடத்தில் எனக்கு வால்முறியைத் தாண்டிக் கிடைத்ததில்லை. அவனிலே ஒரேயொரு குறைதான் என்னால் கண்டுபிடிக்க முடிந்தது. எழுபதைப் பாரிஸ்காரர் 'அறுபதும் பத்தும்' என்று சுற்றிச் சொல்வார்கள். அவன் சுவிஸ்காரர் மாதிரி நேரே 'செப்தோந்த்' என்கிறான். இதை மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன். "அதுதானே சுகமான முறை" என்றார்கள் மூவரும்.

ஐஸ் அள்ளுகிற சவளையும் என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தான்.

"உன்ர ஐஸ் கூடாது மச்சான். சொரசொரவெண்டு கிடக்கு. எங்கட ஐஸ் கண்ணாடி மாதிரி."

"மீன் சறுக்க வரேல்லை தயா, படுக்க வந்திருக்கு."

நல்ல பகிடி என்றுதான் நினைக்கிறேன். சனம் சிரித்தது, ஆனால் அவன் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்தது.

அந்த நேரம் பார்த்து, வாரம் ஒருமுறை வரும் ஒரு மதாம் வந்தாள். மீனைத் தலையில்லாமல், தோலில்லாமல், முள்ளில்லாமல், ஏறக்குறைய மீனே இல்லாமல் வாங்குகிறவள். "உங்கள் சகோதரரா?" என்று கேட்டாள். "கசின்" என்றேன். பிரெஞ்சில் அத்தானும் கசின், மச்சானும் கசின். மூத்தவன் என்கிற மரியாதையை எல்லையிலேயே பறித்துக்கொள்கிறார்கள். "அவரும் மீன்காரரா?" "இல்லை, தெஃபோன்சர்" என்றேன். பிரெஞ்சில் அந்தச் சொல் வழக்கறிஞருக்கும் பொருந்தும்; அவள் அதை வழக்குப் பேசுகிறவர் என்று எடுத்துக்கொண்டாள். மேல்வீட்டுக்காரனின் குளியலறைத் தண்ணீர் தன் வீட்டு உட்கூரையில் ஒழுகுவதைப் பற்றி அவனிடம் முறையிடத் தொடங்கிவிட்டாள். தயா தலையைச் சரித்துப் பொறுமையாகக் கேட்டான். "நீங்கள் அவன் மேல் பாயாதீர்கள் மதாம். உங்கள் இடத்தில் அசையாமல் நில்லுங்கள். ஒரு கடிதம் மட்டும் போடுங்கள். அவனை உங்களிடம் வரப் பண்ணுங்கள்" என்றான். இரண்டு வாரம் கழித்து அவள் வந்து, கூரை திருத்தியாயிற்று, உங்கள் வழக்கறிஞருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் என்றாள். விளையாட்டில் வென்றது போதாதென்று, படிக்காத சட்டத்திலும் வென்றுவிட்டான்.

இந்த நிலையில்தான் நித்தி அண்ணை தொலைபேசி எடுத்தார். பக்கத்துத் தெருவான ரூ காயில் சாறிக்கடை வைத்திருப்பவர். எங்கள் ஊர் ஒன்றியத்தின் தலைவர். ஒன்றியத்தின் ஆண்டு விழாவில் வருடம் ஒருவரைப் பிடித்து, பொன்னாடை போர்த்தி, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடல் கொடுப்பது வழமை. போர்த்திப் போர்த்தித் தோள்கள் முடிந்துபோய், அதற்கு முந்தின வருடம் மண்டபத்துக்குக் கதிரை தந்தவருக்கே போர்த்தினார்கள். எனக்கு இன்னும் முறை வரவில்லை. நான் விழாவின் அறிவிப்பாளன். எல்லாரையும் மேடைக்குக் கூப்பிடுகிறவனை யாரும் கூப்பிடுவதில்லை.

"தம்பி, இந்தமுறை உம்மட மச்சானைக் கௌரவிக்கிறம். வாழ்த்துமடல் நானே எழுதிப்போட்டன். நீர் ஒருக்கா பிழை பாத்துத் தாரும்."

எங்கள் ஆட்களின் கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல் எல்லாவற்றுக்கும் அச்சுக்குப் போகமுன் பிழை பார்ப்பவன் நான்தான். மீன் வெட்டுகிற கை, எழுத்தையும் துப்புரவாக்கும் என்று ஒரு நம்பிக்கை. நித்தி அண்ணை அனுப்பியதைத் திறந்தேன். மேலே ஒரு படம்: பச்சைப் புல், சின்ன வெள்ளைப் பந்து, வளைந்த மட்டையோடு குனிந்து நிற்கும் யாரோ ஒருவர். ஹொக்கி என்று தேடினால் முதலில் வந்திருக்கும். கீழே: "பச்சைப் புல்வெளிகளில் ஆயிரமாயிரம் கோல்கள் குவித்த கோல் மன்னனே! எதிரியின் வலை கிழித்த ஏந்தலே!"

நான் என்ன செய்தேன்? பதினொரு இடத்தில் ஒற்றுப்பிழை திருத்தினேன். ஏந்தலுக்குப் பக்கத்தில் வியப்புக்குறி இரண்டு இருந்தது, ஒன்றை எடுத்தேன். புல்லைத் தொடவில்லை. பந்தைத் தொடவில்லை. ஆயிரமாயிரம் கோலையும் வைத்த இடத்திலேயே வைத்தேன். "சரி, அச்சுக்குக் கொடுக்கலாம்" என்று எழுதி அனுப்பினேன்.

காரணத்தை ஒளிக்க விரும்பவில்லை. தயாவின் கழகத்திலிருந்து தலைவியும் அணிப் பொடியளும் விழாவுக்கு வருவதாக நித்தி அண்ணை சொல்லியிருந்தார். "அவைக்கும் விளங்கோணும், நீர் பிரெஞ்சிலயும் வாசிச்சு விடும்" என்றார். ஐஸில் நின்று மறித்தவனைப் புல்லில் நிறுத்தி, ஆயிரம் கோலோடு நான் பிரெஞ்சில் வாசிக்க, அவனுடைய ஆட்களே வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். ஒருநாள், ஒரேயொரு நாள், தயா ஒரு பகிடியாக நிற்பான். என் மேல் பழியும் வராது. எழுதியிருந்ததை வாசித்தேன், அவ்வளவுதான்.

என் மனைவி சாந்தி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, தயா அண்ணை கோல் அடிக்கிறவர் இல்லையே?"

"அது நித்தி அண்ணை எழுதினது."

"நீங்கள் பாத்தனீங்கள்தானே?"

"நான் தமிழைத்தான் பாத்தனான்."

"ம். மீன் மணத்தையும் மீறி மணக்குது உங்கட எரிச்சல்."

விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கையில் தயா என்னைத் தன் பத்தினுவாருக்கு, அதாவது சறுக்கு மண்டபத்துக்கு, கூப்பிட்டான். போனேன், ஏதாவது குறை கிடைக்கும் என்றுதான் போனேன். உள்ளே காலடி வைத்ததும் எங்கள் கடையின் குளிரறை மணத்தது, மீன் மட்டும் இல்லை. தளத்தின் ஓரத்து வாங்கில் தேத்தண்ணிப் போத்தலோடு இருந்து பார்த்தேன். முழங்கால் போனவன் சும்மா நின்று கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தளத்தில் இறங்கினான். வட்டோடு ஒரு பொடியன் பாய்ந்து வர, தயா அவனைப் பார்த்தபடியே பின்பக்கமாகச் சறுக்கினான். திரும்பிப் பார்க்கவே இல்லை. பின்னால் வலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவன் முதுகுக்குத் தெரிந்திருந்தது. பொடியன் வலம் போனால் இவனும் வலம், இடம் போனால் இடம். கடைசியில் போக இடமில்லாமல் பொடியன் தானாகவே சுவரில் போய் முட்டினான். யாரும் கைதட்டவில்லை. கைதட்ட எதுவுமே நடக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, எதுவும் நடக்காமல் பார்ப்பதுதான் அந்த வேலை.

முடிந்ததும் வந்து பக்கத்தில் இருந்து சப்பாத்தைக் கழற்றினான்.

"தயா, நீ மொத்தமா எத்தினை கோல் அடிச்சிருப்பாய்?" தூண்டிலைப் போட்டேன்.

கையை விரித்தான். அடிபட்டு வளைந்த விரல்கள், நாலு திசைக்கு நாலு. "நாலு. இல்லை, அஞ்சு. ஒண்டு எங்கட வலைக்குள்ளேயே போட்டுட்டன்." தானே சிரித்தான்.

"பிறகு என்னத்துக்குச் சம்பளம் தந்தவங்கள்?"

காலுறையைச் சுருட்டிக் காட்டினான். முழங்காலுக்குக் கீழே எலும்பு நேராக இல்லை. பனையின் கருக்குமட்டை மாதிரி மேடும் பள்ளமும். "வட்டு வரும், கல்லு மாதிரி. அப்ப குறுக்கால விழோணும்."

"நீ ரெனிஸ் பந்துக்கே விலகினவன்."

"ஓம் மச்சான். இப்பவும் பயம்தான்." அங்குமிங்கும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "நான் கண்ணை மூடிக்கொண்டுதான் விழுறனான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, என்ன?"

பொறாமைக்காரனிடம் இரகசியம் சொல்வது, பூனையிடம் அறக்குளாவைப் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்வது போல. வீடு திரும்பும் வழியில் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். வாழ்த்துமடல் வியாழக்கிழமைதான் அச்சுக்குப் போகும். நித்தி அண்ணையின் பெயரைத் தட்டினால் போதும். 'அண்ணை, புல்லில்லை, ஐஸ். கோலில்லை, தடுப்பு' என்று ஐந்தாறு சொல். மூன்று தரிப்பிடம் வந்தது, போனது. நல்லவனாவதற்கு நாளைக்கும் நேரம் இருக்கிறது என்று தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தேன். நாளைக்கு என்பது வியாழனையும் தாண்டிப் போயிற்று.

ஞாயிறு பின்னேரம், பொபினியில் மண்டபம். மேடைக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத் தட்டியில் பச்சைப் புல்லும் வெள்ளைப் பந்தும் தொங்கின. தயா கோட் சூட்டோடு வந்தான். பின்னால் கழகத் தலைவியான வெள்ளைக்கார அம்மா, அவவுக்குப் பின்னால் ஒரே மாதிரி ஜக்கெற் போட்ட எட்டுப் பொடியள். அவர்கள் தட்டியைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் மற்றவனின் விலாவில் இடித்தான். என் நெஞ்சு இனித்தது.

தயா என்னிடம் வந்து புல்லில் நிற்பவரைக் காட்டினான். "மச்சான், உது ஆர்?"

"நீதான்."

கொஞ்ச நேரம் பார்த்தான். "நான் வடிவாத்தான் இருக்கிறன்" என்றான். அதையும் அவனே பகிடியாக்கிவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்?

அறிவித்தேன். மேடைக்குக் கூப்பிட்டேன். மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். அந்தத் தோளுக்குப் பொன்னாடை கைத்துண்டு மாதிரி இருந்தது. நித்தி அண்ணை சட்டம் போட்ட மடலைக் கையில் கொடுத்து, "இப்ப எங்கட அறிவிப்பாளர் வாசிப்பார்" என்றார். தயா ஒரு கையில் சட்டத்தையும் மறு கையில் தொலைபேசியையும் பிடித்தபடி என் பக்கத்தில் வந்து நின்றான். தொலைபேசிக்குள் மாமி. நடக்க ஏலாமல் சுவிஸில் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தா. தயா மடலை உற்றுப் பார்த்தான். அந்த வளைந்த சுட்டுவிரலை ஒரு சொல்லின் கீழே வைத்தான்.

"இது என்ர பேர். அது மட்டும் தெரியுது. மற்றது வாசிக்கத் தெரியேல்லை." என் காதுக்குக் கிட்டக் குனிந்தான். "வடிவா வாசி, அத்தான். அம்மா கேக்கிறா. பொடியளும் கேக்கினம்."

அத்தான். முப்பத்தெட்டு வருடமாக நான் வரவு பார்த்துக்கொண்டிருந்த சொல். அதுவும் தொலைபேசிக்குள்ளிருந்து மாமி சொல்லிக்கொடுத்துத்தான் வந்தது என்று பிறகு தெரிந்தது. அந்த நேரம் எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கப் பயமாக இருக்கிறது.

சட்டத்தைப் பார்த்தேன். ஆயிரமாயிரம் கோல்கள். துப்புரவான எழுத்து. அதற்குக் கீழே அவனுடைய விரல். வாயைத் திறந்தேன். வந்தது இதுதான், அல்லது இது போன்ற ஒன்று:

"இவர் கோல் அடித்தவர் அல்லர். அடிக்க வந்தவர்களின் முன்னால் நின்றவர். கோல் விழுந்தால் அடித்தவனின் பெயரைச் சொல்வார்கள். விழாமல் போனால் ஒரு பெயரையும் சொல்வதில்லை. அந்தச் சொல்லாத பெயர் இவருடையது. சின்ன வயதில் பந்தைக் கண்டால் விலகி நின்ற பிள்ளை இவர். நான் சாட்சி. அந்தப் பயம் இவரை விட்டுப் போகவில்லை. பயம் போகாமலே, விலகாமல் நின்றார். எங்களில் பலர் ஐஸைக் கடந்து ஓடிவந்தோம். இவர் அதிலேயே நின்றார்."

கண் மூடுகிற கதையை மட்டும் சொல்லவில்லை. பூனைக்கும் ஒரு நேர்மை உண்டு. பிறகு அதையே பிரெஞ்சில் சொன்னேன். என்னுடைய மீன்கடைப் பிரெஞ்சில், வினைச்சொல்லெல்லாம் வழுக்கி விழ.

முடித்ததும் பின்வரிசையில் தடதடவென்று சத்தம். எட்டுப் பொடியளும் எழும்பி, தாங்கள் இருந்த கதிரைகளைத் தூக்கி நிலத்தில் இடித்தார்கள். ஹொக்கிக்காரர் மரியாதை செய்வது மட்டையை நிலத்தில் தட்டித்தானாம். மட்டை இல்லாததால் கதிரை. எங்கள் ஒன்றியத்துக்கு அது எப்படித் தெரியும்? எங்கள் கூட்டங்களில் கதிரை நிலத்தை விட்டு எழும்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். முன்வரிசைப் பெரியவர்கள் மனைவிமாரைக் கையில் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் போகத் தொடங்கிவிட்டார்கள். "தம்பிமாரே, கணக்கறிக்கை இன்னும் வாசிக்கேல்லை! பிறகு அடிபடலாம்!" என்று நித்தி அண்ணை கத்தினார். கழகத் தலைவி அதை வாழ்த்து என்று நினைத்து எழும்பிக் கைதட்டினா. தயா மட்டும் அசையவில்லை. பொன்னாடைக்குள் குனிந்து நின்றான். கண் மூடியிருந்தது.

நித்தி அண்ணை என்னை ஓரமாக இழுத்தார். "தம்பி, நீர் வேற என்னத்தையோ வாசிச்சீர்."

"கண்ணாடி கொண்டுவரேல்லை அண்ணை."

அடுத்த நாள் காலை ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தபோது மாமி தொலைபேசி எடுத்தா.

"நேற்று தயா சட்டத்தைப் போனுக்குக் கிட்டப் பிடிச்சுக் காட்டினவன். நான் கண்ணாடி போட்டுத்தான் பாத்தனான், தம்பி."

சவள் கையிலே நின்றது. "ஓம் மாமி."

"நீ வாசிச்சது அதில இல்லை."

"இல்லை மாமி."

"அதில கிடக்கிறது பொய். ஆனா நல்ல துப்புரவான தமிழ். நித்தி தனிய எழுதினா அப்பிடி வராது. ஆரோ ஒருத்தர் இருந்து பாத்துத்தான் விட்டிருக்கினம்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினா. "ஆரெண்டு நான் கேக்கேல்லை. அவனுக்கும் சொல்லமாட்டன். நீ வாசிச்சதைத் தாளில எழுதி அனுப்பு. எனக்கு அது வேணும்."

ஒரு மீனை வயிறு கிழித்துத் துப்புரவாக்குவதற்கு எனக்கு இவ்வளவு நேரம் எடுக்காது. ஓம் என்றேன். அன்றிரவு பேனாவோடு இருந்தபோதுதான் தெரிந்தது, ஒரு வசனமும் முழுதாக ஞாபகமில்லை. வாழ்நாளில் ஒருமுறை பொறாமை இல்லாமல் பேசியிருக்கிறேன். அதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

இரண்டு கிழமை கழித்துப் பத்தினுவாருக்குப் போனேன், ஏதாவது ஞாபகம் வரும் என்று. உடைமாற்றும் அறையிலிருந்து தளத்துக்குப் போகிற நடைவழியில் அந்தச் சட்டம் தொங்கியது. அதன் மேல் காய்ந்த மாலை. பொடியள் கத்திச் சப்பாத்தோடு வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவனும் தளத்தில் இறங்குமுன் கண்ணாடியை இரண்டு விரலால் தொட்டான். ஒருவனை நிறுத்தி, அதிலே என்ன எழுதியிருக்கிறதென்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதா என்ன, கோச் எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார் என்று, நான் தமிழ் தெரியாதவன் போல, மடலின் வரிகளில் விரலை ஓட்டி எனக்கு வாசித்துக் காட்டினான். 'பச்சைப் புல்வெளி'யின் மேல் விரல் போகையில், 'இவர் கோல் அடித்தவர் அல்லர்' என்றான். 'வலை கிழித்த ஏந்த'லின் மேல் போகையில், 'அந்தச் சொல்லாத பெயர் இவருடையது' என்றான். நல்ல பிரெஞ்சில், வினைச்சொல் ஒன்றும் வழுக்காமல்.

"மெதுவாகச் சொல்லு" என்றேன். சட்டைப்பையில் மீன் சுற்றுகிற தாள் ஒன்று இருந்தது. நடைவழிச் சுவரில் அதை வைத்து, அவன் சொல்லச் சொல்ல, என் வாயிலிருந்து போன தமிழை அவன் வாயிலிருந்த பிரெஞ்சிலிருந்து திரும்ப எடுத்து எழுதினேன். அந்தக் கட்டடத்தில் அந்த மடலை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். அதை நம்புகிறவர்கள் மற்ற எல்லாரும். ஒரு பக்கம் நான் திருத்தி அச்சுக்கு அனுப்பிய பொய். மறுபக்கம் திறந்த கதவுக்கு அப்பால் கண்ணாடி மாதிரி ஐஸ், அதில் என்னைக் காணாமல் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு வருகிற தயா. நடுவிலே மீன்வெடுக்கு மணக்க நான். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். அன்றைக்கு நான் சொன்னது மாதிரி இல்லை. பொடியளின் வாயில் கிடந்து கிடந்து, அதைவிடக் கொஞ்சம் நன்றாக வந்திருந்தது.

அதற்கும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.